கடற்கரை மேடும் ஆழிப்பேரலை வெள்ளமும்

(திண்டுக்கல்லில் உழவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விதை, உரம், கிணற்று நீர் என்று பேச வேண்டிய கூட்டத்தில் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயந்தான். திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 250 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. கிழக்கே கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எந்தச் சுனாமியும் இங்கு வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை.

ஆயினும் நம் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமானோர் வேளாங்கண்ணிக்குச் செல்கிறோம். பலர் நடந்தே செல்கிறோம். 2004ஆம் ஆண்டில் சுனாமி அங்கே புகுந்தபோது மாண்டவர்களில் உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த யாத்திரிகர்கள் பலர். கடலை அறியாதவருக்குத்தான் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும், கரை என்பது என்ன, உடைப்பு என்பது என்ன என்று குளத்துப் பாசனக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் குடகனாற்று அணை என்ன ஆயிற்று என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வந்த வெள்ளம் மதகுகளுக்கு அடங்காமல் மண்கரையின் மேல் வழிந்தது. வழிந்த இடத்தில் கரை கரைந்து உடைந்தது. கடற்கரையிலும் தண்ணீர் அதே விதியின்படிதான் நடந்துகொள்கிறது. கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ, எங்கே வழி திறந்திருக்கிறதோ, அங்கேதான் அது புகும்.

இது எப்படிப்பட்ட வெள்ளம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு இந்தோனேஷியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலுக்கடியில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கடல்தரை பெயர்ந்தது. அடிமுதல் மேல்மட்டம் வரை அதன்மீது நின்ற தண்ணீர் முழுவதும் அசைந்து நாலாபுறமும் ஓடத் தொடங்கியது.

நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அங்கே அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. படகில் இருப்பவருக்கு அலை கடந்து போனதே தெரியாது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, வேகமும் குறைகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். சந்தைக்குப் போகும் வண்டி வரிசையில் முன்வண்டி மெதுவானால் பின்வண்டிகள் நெருங்கி முட்டுகின்றன அல்லவா? அதுபோலப் பின்னால் வேகமாக வரும் தண்ணீர் முன்னால் மெதுவாகச் செல்லும் தண்ணீரின்மேல் குவிகிறது. அலை உயர்கிறது. தமிழகக் கரையின் பல இடங்களில் அது 3 முதல் 5 மீட்டர் வரை எழுந்தது.

உயரத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சாதாரணக் கடலலை பத்துப் பதினைந்து விநாடிகளில் வந்து திரும்பிவிடும். சுனாமி அலை ஒன்றின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆழ்கடலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆகவே கரைக்கு வந்தபின் அது நிமிடக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பார்வைக்கு அலைபோலத் தோன்றினாலும் நடத்தையில் அது காட்டாற்று வெள்ளம். வெள்ளத்துக்கு மேடு பள்ளம்தான் கணக்கு.

இலங்கையின் நிழல்

எல்லாக் கரையும் ஒரே அளவில் அடிபடவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். அன்றைய நாகை மாவட்டம் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட தரங்கம்பாடி, பூம்புகார்க் கரைகளையும் உள்ளடக்கியது. ஆனால் கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டக் கரைகளில் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. காரணம், சுமத்ராவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே இலங்கை என்னும் பெருந்தீவு குறுக்கே கிடக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரை வாங்கிய அடியே பாக் நீரிணைக் கரையின் பாதுகாப்பு ஆயிற்று. அங்கே கடலும் ஆழமற்றது.

அப்படியானால் அதற்கும் தெற்கே உள்ள கன்னியாகுமரி தப்பியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். தப்பவில்லை. அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். மேற்குக் கரையில் உள்ள குளச்சலும் பெருஞ்சேதம் அடைந்தது. மரத்தடியில் நிழல் விழும் இடத்தை ஒட்டியே வெயில் சுடுவதைப் போன்றதுதான் இதுவும்.

ஆறு திறந்த கதவு

நாகை வட்டாரம் காவிரி வண்டலால் ஆன நிலம். பல இடங்களில் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போனாலும் தரை ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் உயர்வதில்லை. தண்ணீரைத் தடுக்கச் சரிவு என்பதே இல்லை. அதோடு காவிரியின் கிளைகள், வெண்ணாற்றின் கிளைகள் என்று எத்தனையோ ஆறுகள் கரையைக் கிழித்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேடு இருக்க முடியாது. கடல் பொங்கினால் அதுவே திறந்த கதவு. குறுகலான வாய்க்குள் நீர் நெருக்கி நுழையும்போது மட்டமும் உயர்கிறது, வேகமும் கூடுகிறது.

நாகப்பட்டினத்தில் கடுவையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பட்ட பாடு இதற்குச் சான்று. விசைப்படகுகள் தரையில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் ஆற்றின் மீது இருந்த கான்கிரீட் பாலத்தின் மேல்தளமே பெயர்ந்து போயிற்று. திறந்த கரையில் சில நூறு மீட்டரோடு நின்றுபோன கடல்நீர் ஆறு, உப்பனாறு, வடிகால் வழியே கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஏறி, கடலையே பார்க்காத வயல்களில் பாய்ந்தது. மழைநீரை வெளியே விட வெட்டிய வாய்க்கால் அன்று கடல்நீரை உள்ளே விட்டது.

மணல்மேடு என்னும் கரை

இனி நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான பொருளுக்கு வருவோம். கடற்கரை மணல்மேட்டை யாரும் கட்டவில்லை. அலை மணலை ஒதுக்குகிறது; காய்ந்த மணலைக் காற்று தூக்கிச் செல்கிறது; அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. மணல் மூட மூட இந்தச் செடிகள் மேலே வளர்ந்து மறுபடியும் பிடிக்கின்றன. இப்படி ஆண்டாண்டு காலமாக எழுந்த மேடுகள் வேதாரண்யம் வட்டாரத்தில் வரிசை வரிசையாக உள்ளன. பழைய கடற்கரை எங்கெங்கே இருந்தது என்பதை அந்த வரிசைகளே காட்டும். அங்குள்ள உழவர்கள் அதன்மீது மா, முந்திரி வளர்க்கிறார்கள். மணலைத் தோண்டி ஊற்றெடுத்துப் பாசனம் செய்கிறார்கள்.

நான்கு மீட்டர் அலைக்கு ஆறு மீட்டர் மேடு தடை. மூன்று மீட்டர் மேடு தடையல்ல. கணக்கு இவ்வளவுதான். ஆனால் மேடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பாதைக்காகவோ மணலுக்காகவோ நடுவில் ஓரிடத்தில் வெட்டிவிட்டால் என்ன ஆகும்? கண்மாய்க் கரையில் எலி வளையோ வண்டித் தடமோ இருந்தால் என்ன ஆகுமோ அதுதான். இருபுறமும் தடுக்கப்பட்ட நீர் முழுவதும் அந்த ஒரு வாயை நோக்கித் திரும்பும். அங்கே வேகம் அதிகரித்து மணலை அரித்து வாயை இன்னும் அகலமாக்கும். மேடே இல்லாத கரையைவிட, வெட்டுண்ட மேட்டின் நேர் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் யால என்ற இடம் இருக்கிறது. வனவிலங்குகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஓர் உல்லாச விடுதிக்காரர்கள், விருந்தினர் அறையிலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டை அகற்றினார்கள். 2004 சுனாமியில் அந்த விடுதி முற்றிலும் அழிந்தது. மேடு கலையாமல் இருந்த பக்கத்துப் பகுதிகளில் அப்படிப்பட்ட அழிவு இல்லை என்று பன்னாட்டு ஆய்வுக் குழுவினர் 2005இல் எழுதினர். அதே தீவின் தென்மேற்கில் பெரலிய என்ற ஊரில், இரயிலையே அலை புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்திருந்தார்கள். சில கிலோமீட்டர் தெற்கே, பாறை காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் நெடுந்தூரம் ஏறவில்லை. கரையில் உள்ள மேடும் கடலுக்குள் இருக்கும் பாறையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறியாததல்ல. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மணல்மேடுகளைச் சமன்படுத்துவதையும் மாற்றுவதையும் தடை செய்தது.

மரமா, மேடா?

"அவ்வளவு தூரம் போவானேன்? சவுக்கை நட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். இது விரிவாகப் பார்க்க வேண்டிய கேள்வி. வேதாரண்யம் பகுதியில் நாலுவேதபதி என்னும் ஊரார் 2002இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றனர். இரண்டே ஆண்டுகளில் சுனாமி வந்தது. ஊர் பெருமளவு தப்பியது. அதுபோலவே பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலும் சேதம் குறைவு. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் அப்பகுதியின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, காடு காப்பாற்றியது என்று கூறினர். 2006இல் வேறு விஞ்ஞானிகள் அதே புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு வேறுவிதமாகக் கணக்குப் போட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தொலைவாகவும் இருந்தன, மேடாகவும் இருந்தன. அந்தத் தொலைவும் உயரமுமே வேறுபாட்டில் பெரும்பங்கை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை என்றனர்.

என் கருத்தைக் கேட்டால், இதில் முதல் இடம் நிலத்தின் உயரத்துக்கு, அடுத்த இடம் தொலைவுக்கு, அதற்கடுத்த இடம்தான் மரத்துக்கு. அடர்ந்த காடு நீரின் வேகத்தை மட்டுப்படுத்தும்; மிதந்து வரும் படகையும் கட்டையையும் பிடித்து நிறுத்தும்; அடித்துச் செல்லப்படும் மனிதனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கிளை தரும். இவை சிறிய உதவிகள் அல்ல. ஆனால் நிமிடக் கணக்கில் ஏறிக்கொண்டே வரும் நீரை மரம் நிறுத்திவிடாது. மரத்தின் பெரிய பயன், மேட்டு மணலைக் காற்றில் பறக்காமல் காப்பது. அந்த மேட்டையே சமன்செய்து அதில் சவுக்கு வரிசை நடுவது, வீட்டுச் சுவரை இடித்துவிட்டு அங்கே படுதா கட்டுவதற்குச் சமம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது அவ்வட்டாரத்தில் தென்னையும் மாவும் சவுக்கும் பெருமளவில் சாய்ந்தன. அதே புயல் உள்நாட்டில் நம் மாவட்டம் வரை வந்து கொடைக்கானல் மலையில் செய்த சேதத்தை நீங்களே பார்த்தீர்கள். ஆகவே மேடு, கொடி, புல், மரம் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்.

உள்ளே வந்த உப்பு

மணல்மேட்டுக்குப் பின்னால் வழக்கமாக ஒரு பள்ளம் இருக்கும். ஊர் வயல் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான். மேட்டைத் தாண்டியோ ஆற்று வழியாகவோ உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியில்லாமல் அங்கே நாட்கணக்கில் தேங்கியது. நிலத்தின் அமைப்பு இரண்டாவது முறையாக விளையாடியது இங்கேதான்.

கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் என்பது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். அது அப்படியே சுவறி வற்றினால் நிலத்தில் தங்கும் உப்பு மூன்றரை டன்! ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில் உரம் போடுகிற நமக்கு இது எவ்வளவு என்று விளங்கும். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் உவர்த்துப்போன கிணறுகளைக் கண்டவர்கள் நீங்கள். அங்கே பல ஆண்டுகளில் நடந்ததைக் கடல் ஒரு காலைப்பொழுதில் செய்துவிட்டது.

நாகை வயல்களில் கையாண்ட முறை நம் உவர் நிலத்துக்கும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். முதலில் தேங்கிய நீரை வடித்து, கடல் கொண்டுவந்து போட்ட சேற்றையும் மணலையும் வழித்து அகற்றினார்கள். பிறகு வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. களிமண்ணில் உப்பு கரைந்து போனாலும் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மண் இறுகி நீர் இறங்காது. அத்தகைய நிலத்துக்கு மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, வடிக்க வேண்டும். மண் பரிசோதனையில் மின்கடத்தும் திறன் 4க்குக் கீழே இறங்கியதா என்று பார்த்து, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, திருச்சி 1, கோ 43 போன்ற உப்பைத் தாங்கும் நெல் இரகங்களைப் பயிரிடலாம். 2005 வடகிழக்குப் பருவமழை மிகப் பலமாகப் பெய்தது பெரும் உதவியாயிற்று. மணற்பாங்கான நிலங்கள் விரைவில் தேறின. வடிகாலற்ற களிமண் நிலங்களுக்குக் காலம் பிடித்தது.

கிணறுகளில் ஒரு தொல்லை. மணல்மேட்டின் வயிற்றில் மழைநீர் தேங்கி, கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேட்டை வெட்டினாலோ, மோட்டார் வைத்து அதிகமாக இறைத்தாலோ கீழே உள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும். அலையே வராமல் நிலம் உப்பாகும் வழி இது.

நம் ஆற்று மணல்

குடகனாறு அமராவதியில் சேர்கிறது. அமராவதி காவிரியில் சேர்கிறது. காவிரி கடலில் சேர்கிறது. ஆற்று வெள்ளம் கொண்டுபோய்ச் சேர்க்கும் மணலைத்தான் கடல் நீரோட்டம் கரையோரமாக நகர்த்திப் பரப்புகிறது. அதுவே மேடாக எழுகிறது. நாகை வயலின் வண்டலில் நம் ஓடைக்கரை மண்ணும் கொஞ்சம் உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து மணலில் பெரும்பகுதி அணைக்குள் தங்குகிறது. எஞ்சியதை லாரிகள் அள்ளுகின்றன. கடற்கரைக்கு வரவு குறைந்தால் மேடு தேயாமல் என்ன செய்யும்? இங்கே ஆற்றில் மணல் போனால் கிணறு வற்றுகிறது என்று நாம் கவலைப்படுகிறோம். அதே மணல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்தின் கரையாகவும் இருந்திருக்கும்.

வேளாங்கண்ணிக்குச் செல்வோர் கவனத்திற்கு

2004இல் வேளாங்கண்ணியில் ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினர். கரையிலும் கரைக்குச் செல்லும் கடைத்தெருவிலும் இருந்தவர்களே பெரும்பாலும் மாண்டனர். அன்று முன்னறிவிப்பு ஏதும் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே மறுபடியும் பெரும் நிலநடுக்கம் வந்தபோது கரையோர மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அன்று பெரிய அலை வரவில்லை. இருந்தாலும் அறிவிப்பு காதில் விழும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் உண்டு. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கி, தரையும் பாறையும் வெளியே தெரிந்தால் அதை வேடிக்கை பார்க்க இறங்காதீர்கள்; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே திரும்புங்கள். கரையில் இறங்கும்போதே மேடு எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட நேர்ந்தால் கடலுக்கு நேர் எதிராக மேற்கே ஓட வேண்டும். ஆற்றோரமாகவோ வாய்க்கால் ஓரமாகவோ ஓடக்கூடாது, பாலத்தின்மீது நிற்கக்கூடாது. தொலைவு போக நேரமில்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறிவிடுங்கள். முதல் அலை வடிந்ததும் செருப்பையும் பையையும் தேடி இறங்கியவர்கள் பலர் அடுத்த அலையில் போயிருக்கிறார்கள். அடுத்தடுத்து வரும் அலைகளில் எது பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதிகாரிகள் இறங்கலாம் என்று அறிவிக்கும்வரை, பல மணி நேரமானாலும், மேலேயே இருங்கள்.